கேள்விக்குப் பதில் முத்திரை அல்ல

ஐரோப்பிய அரசியல் பற்றிய செய்திகளில் 'யூரோஸ்கெப்டிக்' என்ற அடைமொழி இன்று யோசனையின்றி வந்து விழுகிறது. இத்தாலியின் ஜோர்ஜா மெலோனி யூரோஸ்கெப்டிக். பிரான்ஸின் மரின் லு பென் யூரோஸ்கெப்டிக். ஹங்கேரியின் விக்டர் ஓர்பான் யூரோஸ்கெப்டிக். 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேற வாக்களித்த 51.9 விழுக்காடு பிரிட்டன் மக்களும் யூரோஸ்கெப்டிக். இந்தப் பட்டியலைப் படித்துப் படித்து ஒரு முடிவு நம் மனத்திலும் படிந்துவிட்டது: ஐரோப்பிய ஒருங்கிணைப்பை ஐயுறுபவர் என்றாலே வலதுசாரி, குடியேறிகளை வெறுப்பவர், பழைய பேரரசின் நினைப்பிலேயே வாழ்பவர். நம்முடைய நாளிதழ்களின் வெளிநாட்டுப் பக்கமும் தொலைக்காட்சி விவாதங்களும் இதையே திருப்பிச் சொல்கின்றன.

இந்த முடிவை நான் முற்றாக மறுக்கிறேன். ஐரோப்பிய ஒருங்கிணைப்பை எதிர்த்தவர்களில் இனவெறியர்கள் உண்டு. அதை மறைக்க நான் வரவில்லை. ஆனால் அந்த எதிர்ப்பு அவர்களிடம் பிறக்கவில்லை. அவர்களுக்கு மட்டும் அது சொந்தமும் இல்லை. என் வாழ்வைத் தீர்மானிக்கும் சட்டத்தை இயற்றுபவர் யார், அது எனக்குப் பிடிக்காவிட்டால் அவரை என் வாக்கால் மாற்ற முடியுமா என்ற குடியாட்சிக் கேள்வியே அதன் வேர். எழுபது ஆண்டுகளாகக் கேட்கப்படும் அந்தக் கேள்விக்கு நேரான பதில் வரவில்லை. கேட்டவர் நெற்றியில் முத்திரை குத்துவதுதான் நடந்திருக்கிறது.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே தலைமுறைக் காலத்தில் இரண்டு உலகப் போர்களை நடத்திய கண்டம் அது. போருக்கு மூலப்பொருளான நிலக்கரியையும் எஃகையும் பொது நிர்வாகத்தில் வைத்துவிட்டால் பிரான்ஸும் ஜெர்மனியும் மீண்டும் மோத முடியாது என்று 1950 மே 9 அன்று பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமான் அறிவித்தார். 1951இல் ஆறு நாடுகள் ஒப்பந்தமிட்டன. இன்றைய ஒன்றியம் அதிலிருந்து வளர்ந்தது. அந்த ஆறு நாடுகளுக்கிடையே அதன்பின் போர் மூளவில்லை. இத்தகைய ஏற்பாட்டை ஐயுறுபவர், தான் போரை விரும்பாவிட்டாலும், போர் மூட்டிய தேசியவாதத்துக்குத் துணைபோகிறார் என்பதே வாதம். அதற்குச் சான்றாக 2016 ஜூனில், பிரிட்டன் வெளியேற வேண்டும் என்று பிரச்சாரம் செய்த நைஜல் பராஜ் திறந்துவைத்த விளம்பரப் பலகையைக் காட்டுகிறார்கள். ஸ்லோவேனிய எல்லையில் வரிசையாக நடந்துவந்த அகதிகளின் படம் அது. நாடு உடையும் நிலைக்கு வந்துவிட்டது என்ற பொருளில் பெரிய எழுத்து. அந்தப் பலகை அருவருப்பானது. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் அந்தப் பலகையிலிருந்து பின்னோக்கி வரலாற்றை வாசிக்கக் கூடாது. தொடக்கத்திலிருந்து வாசித்தால் வேறு முகங்கள் தெரியும்.

1957 ஜனவரியில், ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் என்ற பொதுச் சந்தையை உருவாக்கிய ரோம் ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு இரண்டு மாதம் முன்பு, பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் அதை எதிர்த்து எழுந்தவர் பியேர் மென்டெஸ் பிரான்ஸ். அவர் யூதர். நாஜிகளோடு ஒத்துழைத்த விஷி அரசின் சிறையிலிருந்து தப்பி, த கோலின் சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்ந்து விமானத்தில் பறந்து நாஜிகளுடன் போரிட்டவர். 1954இல் பிரதமராக இருந்து இந்தோசீனப் போரை முடித்துவைத்தவர். அவரைத் தேசிய வெறியர் என்று சொல்ல யாருக்கும் நா எழாது. அவர் சொன்னது இது: ஒரு குடியாட்சி தன்னைக் கைவிட்டுக்கொள்ள இரண்டு வழிகள் உண்டு, ஒன்று, உள்ளூரில் ஒரு சர்வாதிகாரியிடம் எல்லாவற்றையும் ஒப்படைப்பது, மற்றொன்று, நிபுணத்துவத்தின் பெயரால் ஆளும் வெளி அதிகாரம் ஒன்றிடம் ஒப்படைப்பது. கூலியும் தொழிலாளர் நலனும் சமப்படுத்தப்படாத பொதுச் சந்தையில், தொழிலாளருக்கு அதிகம் தரும் நாடே தோற்கும் என்றும் எச்சரித்தார். பின்னாளில் யூரோஸ்கெப்டிக் வாதங்கள் என்று அறியப்பட்டவற்றில் நேர்மையானவை அனைத்தும் அந்த ஒரே உரையில் இருக்கின்றன.

அவர் தனித்து நின்றவரும் அல்லர். இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சி ரோம் ஒப்பந்தத்தை எதிர்த்து வாக்களித்தது. பிரிட்டனில் ஷூமான் திட்டத்தில் சேர மறுத்தது கிளமென்ட் அட்லியின் தொழிற்கட்சி அரசு. நிலக்கரிச் சுரங்கங்களை 1947இல்தான் அவர்கள் நாட்டுடைமை ஆக்கியிருந்தார்கள். மக்கள் வாக்குப் பெற்றுக் கையில் எடுத்த தொழிலை, யாருடைய வாக்குக்கும் கட்டுப்படாத ஓர் உயர் ஆணையத்திடம் ஒப்படைக்க அவர்களுக்கு மனம் இல்லை. 1962இல் தொழிற்கட்சித் தலைவர் ஹியூ கெய்ட்ஸ்கெல் பொதுச் சந்தையில் சேர்வதை எதிர்த்தபோது காமன்வெல்த் நாடுகளைக் கைவிடக் கூடாது என்பதும் அவருடைய காரணங்களில் ஒன்று. அந்தக் கவலை நம் பக்கத்திலும் இருந்தது. பிரிட்டிஷ் சந்தையில் தம் ஏற்றுமதிக்கு இருந்த சலுகை பறிபோகுமே என்று இந்தியாவும் இலங்கையும் அப்போது அஞ்சின. ஐரோப்பாவுக்குள் தாராளம் என்றால் வெளியே இருப்பவனுக்குச் சுவர் என்பதை அன்று உணர்ந்தவர்களில் நாமும் உண்டு.

1975 ஜூன் 5 அன்று பிரிட்டனில் நடந்த வாக்கெடுப்பில் 67.2 விழுக்காட்டினர் பொதுச் சந்தையில் நீடிக்க வாக்களித்தார்கள். எதிர்த்துப் பிரச்சாரம் செய்தவர்கள் டோனி பென், மைக்கேல் ஃபுட், பார்பரா காசில் முதலிய இடதுசாரித் தலைவர்கள். கூடவே குடியேற்றத்தை எதிர்த்த வலதுசாரி ஈனாக் பவலும் இருந்தார். ஆதரித்துப் பிரச்சாரம் செய்தவர்களில் ஒருவர் வலதுசாரி கன்சர்வேட்டிவ் கட்சியின் தலைவர் மார்கரெட் தாட்சர். உறுப்பு நாடுகளின் கொடிகள் பின்னிய ஸ்வெட்டரை அணிந்து அவர் வாக்குக் கேட்ட படம் புகழ்பெற்றது. ஸ்காட்லாந்து தேசியக் கட்சி அன்று எதிர்ப்பணியில் நின்றது. இன்று அதே கட்சி ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுதியான ஆதரவாளர். ஒருங்கிணைப்பை எதிர்ப்பது வலதுசாரியின் பிறவிக் குணம் என்றால் இந்த வரலாற்றை எங்கே கொண்டுபோய் வைப்பது?

'யூரோஸ்கெப்டிக்' என்ற அடைமொழியே 1980களின் நடுவில்தான் பிரிட்டிஷ் பத்திரிகைகளில் தலைகாட்டியது. அதற்கு முன் அங்கே வழங்கியது 'ஆன்ட்டி மார்க்கெட்டியர்', அதாவது பொதுச் சந்தை எதிர்ப்பாளர். அந்தப் பழைய பெயர் எதை எதிர்க்கிறார் என்று சொல்லியது. புதியது ஒரு மனப்பாங்கை மட்டும் சுட்டியது. சந்தையை எதிர்ப்பவர், நாணயத்தை எதிர்ப்பவர், பொதுப் படையை எதிர்ப்பவர், அந்நியரை எதிர்ப்பவர் எல்லாரும் அதற்குள் அடங்கினார்கள்.

இந்தச் சொல் பரவிய காலத்தில்தான் அணிகளும் இடம் மாறின. 1988 செப்டம்பர் 8 அன்று ஐரோப்பிய ஆணையத் தலைவர் ஜாக் தெலோர் பிரிட்டிஷ் தொழிற்சங்கக் காங்கிரஸில் பேசினார். பொதுச் சந்தையோடு தொழிலாளர் உரிமைகளும் வரும் என்று உறுதி சொன்னார். பிரதமர் தாட்சரிடம் தோற்றுத் தோற்றுக் களைத்திருந்த சங்கத்தினர் எழுந்து நின்று கைதட்டினார்கள். பன்னிரண்டே நாளில், செப்டம்பர் 20 அன்று, பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் தாட்சர் பதிலடி கொடுத்தார்: பிரிட்டனில் அரசின் எல்லைகளைச் சுருக்கிவிட்டு, ஐரோப்பியத் தலைமையகமான பிரஸ்ஸல்ஸிலிருந்து அவை மீண்டும் நீள்வதை ஏற்க முடியாது என்றார். அதே உரையில் பிரிட்டனின் எதிர்காலம் ஐரோப்பாவுக்குள்தான் என்றும் சொன்னார். இந்தப் பாதி எவருக்கும் நினைவில்லை. இடதுசாரிகள் தங்கள் கேள்வியைத் தெலோரின் வாக்குறுதிக்கு ஈடாக விட்டுக்கொடுத்தார்கள். அனாதையாகக் கிடந்த கேள்வியை வலதுசாரி எடுத்துக்கொண்டது. 2016இன் விதை அங்கே ஊன்றப்பட்டது.

இனி, முத்திரை எப்படி உண்மையை மறைக்கிறது என்பதற்கு மூன்று இடங்களைப் பார்ப்போம்.

முதலாவது கிரீன்லாந்து. 1972இல் டென்மார்க் முழுவதும் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர வாக்களித்தபோது கிரீன்லாந்து மக்கள் ஏறத்தாழ 70 விழுக்காடு எதிர்த்தார்கள். டென்மார்க்கின் ஒரு பகுதி என்பதால் அவர்களையும் சேர்த்தே கொண்டுபோனார்கள். அந்தத் தீவின் வாழ்வாதாரம் மீன். அவர்கள் கடலில் யார், எவ்வளவு பிடிக்கலாம் என்பதைப் பிரஸ்ஸல்ஸில் கூடும் அமைச்சர்கள் தீர்மானித்தார்கள். ஐரோப்பியக் கப்பல்கள் வந்து வலை வீசின. 1979இல் தன்னாட்சி கிடைத்ததும் அவர்கள் செய்த முதன்மையான வேலைகளில் ஒன்று, 1982 பிப்ரவரியில் மக்களிடம் மீண்டும் கேட்டது. 53 விழுக்காட்டினர் வெளியேறச் சொன்னார்கள். 1985 பிப்ரவரி 1 அன்று கிரீன்லாந்து வெளியேறியது. பெரும்பாலும் இனுயிட் பழங்குடி மக்கள் வாழும் இந்த நிலம், ஒரு காலனியாக இருந்து தன் கடலைத் திரும்பக் கேட்டது. ஐரோப்பியச் சமூகத்தைவிட்டு வாக்கெடுப்பு நடத்தி முதலில் வெளியேறியவர்கள் இவர்கள். பிரெக்ஸிட் பற்றிப் பேசுகிற எத்தனை பேர் இவர்களை நினைக்கிறார்கள்? நினைத்தால் முத்திரை ஒட்டாது. அதனால்தான் நினைப்பதில்லை.

இரண்டாவது சுவீடனின் வாக்ஸ்ஹோம். ஸ்டாக்ஹோமுக்கு அருகிலுள்ள சிறு ஊர். 2004இல் அங்கே ஒரு பள்ளிக் கட்டடப் பணியை லவால் என்ற லாட்வியா நாட்டு நிறுவனத்தின் தொழிலாளர்கள் செய்துகொண்டிருந்தார்கள். சுவீடனில் குறைந்தபட்சக் கூலியைச் சட்டம் நிர்ணயிப்பதில்லை. தொழிற்சங்கமும் முதலாளியும் பேசி ஒப்பந்தம் போடுவார்கள். லாட்வியத் தொழிலாளர்களுக்கும் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமாறு கட்டடத் தொழிலாளர் சங்கம் கேட்டது. நிறுவனம் மறுத்தது. சங்கம் வேலையிடத்தை மறித்தது. மின்பணியாளர் சங்கமும் ஆதரவாக வேலையை நிறுத்தியது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2007 டிசம்பர் 18 அன்று தீர்ப்பு வந்தது: வேலைநிறுத்தம் அடிப்படை உரிமைதான், ஆனால் இங்கே அது, எல்லை கடந்து சேவை வழங்கும் நிறுவனத்தின் சுதந்திரத்தை அளவுக்கு மீறித் தடுத்தது. பிறகு சுவீடன் தொழிலாளர் நீதிமன்றம் சங்கங்களையே இழப்பீடு கட்டச் சொன்னது.

சங்கத்தின் கோரிக்கையைக் கவனியுங்கள். வந்த தொழிலாளிக்கும் உள்ளூர்த் தொழிலாளிக்கும் ஒரே ஒப்பந்தம் என்பதே அது. அந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டு ஒருங்கிணைப்பின் திசையை ஐயுற்ற சுவீடன் தொழிலாளியை மெலோனியின் பக்கத்தில் நிறுத்துவது அறிவா, நியாயமா? சுவீடன் நாடாளுமன்றம் தன் தொழிலாளர் சட்டத்தைத் தானே மாற்றலாம். ஆனால் ஒப்பந்த விதிகளுக்கு நீதிமன்றம் தரும் விளக்கத்தை மாற்ற உறுப்பு நாடுகள் அனைத்தும் ஒருமனதாக இணங்க வேண்டும். மென்டெஸ் பிரான்ஸ் 1957இல் அஞ்சியது இதைத்தான். வெளிநாட்டுக்கு அனுப்பப்படும் தொழிலாளர் பற்றிய விதி 2018இல் ஓரளவு திருத்தப்பட்டது. அதுகூடத் திருத்தக் கோரி ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்தவர்களால் வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தவர்களால் அல்ல.

மூன்றாவது, கடன் நெருக்கடியில் சிக்கிய கிரீஸ். 2015 ஜூன் 29 அன்று அந்த நாட்டு வங்கிகள் மூடப்பட்டன. ஐரோப்பிய மத்திய வங்கி கிரேக்க வங்கிகளுக்கான அவசர நிதியின் வரம்பை உயர்த்த மறுத்திருந்தது. ஒருவர் ஒரு நாளில் ஏடிஎம்மிலிருந்து 60 யூரோதான் எடுக்கலாம். ஓய்வூதியம் வாங்க முதியவர்கள் வங்கி வாசலில் வரிசையில் நின்றார்கள். அந்த நெருக்கடியில் ஜூலை 5 அன்று மக்களிடம் கேட்டபோது, கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகளை 61.3 விழுக்காட்டினர் நிராகரித்தார்கள். எட்டே நாளில் அவர்களுடைய அரசு புதிய நிபந்தனைகளுக்கு ஒப்புக்கொள்ள நேர்ந்தது. நிராகரித்தவர்களில் பெரும்பாலோர் யூரோ நாணயத்தைவிட்டு வெளியேற விரும்பவில்லை. ஐரோப்பாவுக்குள் இருந்துகொண்டே, தங்கள் வாக்குக்கும் மதிப்பு வேண்டும் என்றார்கள். அவர்களையும் ஐரோப்பாவின் எதிரிகள் என்று எழுதினார்கள்.

"நீங்கள் சொல்வதெல்லாம் விதிவிலக்கு; பெரும்பாலான மக்கள் உணர்ச்சிவசப்பட்டுத்தானே ஐரோப்பாவை எதிர்க்கிறார்கள்" என்று கேட்பவர்கள் டென்மார்க்கைப் பார்க்கட்டும். 1972இல் சேர்வதற்குச் சம்மதம். 1992 ஜூனில், ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை 50.7 விழுக்காடு நிராகரித்தது. நாணயம், பாதுகாப்பு உள்ளிட்டவற்றில் விலக்கு கிடைத்ததும் 1993இல் 56.7 விழுக்காடு ஏற்றது. 2000இல் யூரோ நாணயம் வேண்டாம் என்றது. 2015இல் நீதி, உள்துறை விவகாரங்களில் விலக்கைக் கைவிட மறுத்தது. ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்த பிறகு, 2022 ஜூன் 1 அன்று, பாதுகாப்பு விலக்கை மட்டும் நீக்க 66.9 விழுக்காடு ஆதரவு தந்தது. கேள்வி மாறும்போது பதிலும் மாறுகிறது. சூழ்நிலை மாறும்போது முன்பு சொன்ன பதிலையும் மாற்றிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு முறையும் என்ன தருகிறோம், என்ன பெறுகிறோம் என்று எடைபோட்டுப் பார்த்த மக்கள் இவர்கள். இதை வெறுப்பு என்றால், சிந்தித்து வாக்களிப்பதற்கு வேறு என்ன பெயர்?

எதிர்மாறாக, பதில் பிடிக்காதபோது ஒன்றியத்தின் தலைவர்கள் நடந்துகொண்ட விதத்தைப் பாருங்கள். 2005 மே 29 அன்று பிரான்ஸ் மக்கள் 54.7 விழுக்காடும், மூன்று நாள் கழித்து நெதர்லாந்து மக்கள் 61.5 விழுக்காடும் ஐரோப்பிய அரசியல் சாசனத்தை நிராகரித்தார்கள். பிரான்ஸில் எதிர்த்து வாக்குக் கேட்டவர்களில் முன்னாள் சோஷலிசப் பிரதமர் லோரான் ஃபபியுஸும் ஒருவர். அந்தச் சாசனத்தின் உள்ளடக்கத்தில் பெரும்பகுதி 2007இல் லிஸ்பன் ஒப்பந்தமாகத் திரும்பி வந்தது. இம்முறை இரண்டு நாடுகளிலும் மக்களைக் கேட்கவில்லை, நாடாளுமன்றத்திலேயே முடித்துக்கொண்டார்கள். மக்களைக் கேட்ட அயர்லாந்து 2008இல் 53.4 விழுக்காட்டோடு நிராகரித்தது. சில உறுதிமொழிகள் தந்து 2009இல் மீண்டும் கேட்டு ஒப்புதல் வாங்கினார்கள். மறுபடி கேட்பது தவறல்ல, விலக்கும் உறுதிமொழியும் தருவதும் நல்லதுதான். ஆனால் ஓர் ஒப்பந்தத்துக்கு 'ஆம்' என்ற பதில் வந்தபின் மட்டும் எவரும் மறுபடி கேட்டதில்லை.

கல்விப்புலத்தினருக்கு இந்தக் குழப்பம் தெரியாமல் இல்லை. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் பால் டாகர்ட்டும் அலெக்ஸ் ஷெர்பியாக்கும் 'கடும்' யூரோஸ்கெப்டிக், 'மென்' யூரோஸ்கெப்டிக் என்று பிரித்தார்கள்: ஒன்றியத்தையே கொள்கையளவில் மறுப்பவர் முதல் வகை, குறிப்பிட்ட கொள்கைகளை எதிர்ப்பவர் இரண்டாவது வகை. இரண்டாவது வகையில் யார்தான் அடங்கமாட்டார் என்று பீட்டர் கோபெக்கியும் காஸ் முட்டும் 2002இல் மறுத்தார்கள். ஒருங்கிணைப்பு என்ற எண்ணத்தை ஏற்கிறாரா என்பது ஒரு கேள்வி, இன்றிருக்கும் ஒன்றியத்தை ஏற்கிறாரா என்பது வேறு கேள்வி என்று அவர்கள் காட்டினார்கள். எண்ணத்தை நேசித்து நடப்பை வெறுப்பவர் உண்டு. எண்ணத்தை வெறுத்துக்கொண்டே நடப்பில் லாபம் பார்ப்பவரும் உண்டு. இவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்ட வேறுபாடு இருபது ஆண்டுக்கு மேலாகியும் செய்தி அறைகளுக்கு வந்து சேரவில்லை.

வந்து சேர்ந்திருந்தால், இன்றைய வலதுசாரிகளைப் பற்றியும் சரியாக எழுதியிருப்பார்கள். நடப்பில் லாபம் பார்ப்பவருக்குச் சரியான எடுத்துக்காட்டு ஓர்பான். 2010இல் ஆட்சிக்குத் திரும்பியதிலிருந்து பிரஸ்ஸல்ஸை நாள்தோறும் திட்டினார். அங்கிருந்து வரும் நிதியை ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. லு பென் 2017 அதிபர் தேர்தலில் யூரோ நாணயத்தை எதிர்த்துத் தோற்றபின் அந்தக் கோரிக்கையைக் கைவிட்டார். ஆஸ்திரியாவின் சுதந்திரக் கட்சி பல பத்தாண்டுகள் ஒருங்கிணைப்பை ஆதரித்துவிட்டு, 1990களில் ஹைடர் தலைமையில் திரும்பியது. ஜெர்மனியின் ஏஎஃப்டி 2013இல் பொருளாதாரப் பேராசிரியர்கள் சேர்ந்து யூரோ மீட்பு நிதியை எதிர்க்கத் தொடங்கிய கட்சி. இரண்டே ஆண்டில் அதன் நிறுவனர்களில் ஒருவரான பெர்ண்ட் லுக்கே வெளியேறும் அளவுக்கு அது வேறு திசையில் போயிற்று. இவர்கள் எல்லாரையும் இணைக்கும் நூல் குடியேறிகள்மீதான பகை. ஒருங்கிணைப்பைப் பற்றிய நிலைப்பாடு காற்றடிக்கும் பக்கம் சாய்கிறது. பராஜின் பலகையில் இருந்தவர்களும் ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமக்கள் அல்லர். போரிலிருந்து தப்பி வந்த அகதிகள். அந்தப் பலகையில் ஐயம் எங்கே இருக்கிறது? அது அப்பட்டமான அந்நிய வெறுப்பு. அதை அப்படியே எழுத வேண்டும். வெறுப்பை விற்பவரை 'ஐயுறுபவர்' என்று அழைப்பது, அவருக்கு அவர் சம்பாதிக்காத கண்ணியத்தைத் தூக்கிக் கொடுப்பது. முத்திரை செய்யும் இரட்டை அநீதி இதுதான்: நேர்மையாக ஐயுற்றவரை அது இழிவாக்குகிறது, இழிந்தவரை நாகரிகமாக்குகிறது.

அமைதி வாதத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். நாடுகள் ஒத்துழைப்பதால் போர் குறைகிறது என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் ஒத்துழைப்புக்கு ஒரே வடிவம்தான் உண்டு என்பதை ஏற்க முடியாது. நார்வே மக்கள் 1972இல் 53.5 விழுக்காடும் 1994இல் 52.2 விழுக்காடும் உறுப்பினராவதை நிராகரித்தார்கள். மீனவரும் விவசாயிகளும் இடதுசாரிகளும் அந்த எதிர்ப்பின் முதுகெலும்பு. நார்வே அதனால் எந்த அண்டை நாட்டுக்கும் எதிரியாகவில்லை. வெளியே இருந்தபடி ஒன்றியச் சந்தையின் பல விதிகளை ஏற்க வேண்டிய விலையை அது கொடுக்கிறது, தெரிந்தே கொடுக்கிறது. மேலும், வாக்காளருக்கு மாற்ற வழியில்லாத அதிகாரம் அமைதியை நிலைநிறுத்தாது. சட்டபூர்வமான எதிர்ப்புக்குக் கதவை அடைத்தால், கோபம் சன்னலை உடைத்துக்கொண்டு வருபவனிடம் போய்ச் சேரும். ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் 1979இல் 62 விழுக்காடாக இருந்த வாக்குப்பதிவு 2014இல் 43 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியதை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். சட்ட முன்வரைவைக் கொண்டுவரும் உரிமை இன்றும் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படாத ஆணையத்திடம்தான் பெரும்பாலும் இருக்கிறது.

ஐரோப்பாவைப் பற்றி எழுதுகிற நம்மவர்களிடம் நான் கேட்பது அதிகம் இல்லை. அந்த அடைமொழியை எழுதும் முன், அவர் எதை எதிர்க்கிறார் என்று எழுதுங்கள். மீன்பிடிக் கொள்கையையா, பொது நாணயத்தையா, நீதிமன்றத் தீர்ப்பையா, அகதிகளையா? உறுப்பினராக நீடிக்க விரும்புகிறாரா, வெளியேற விரும்புகிறாரா? இந்த இரண்டுக்கும் பதில் எழுதினால் அடைமொழிக்கே தேவை இருக்காது. மென்டெஸ் பிரான்ஸையும் கிரீன்லாந்து மீனவரையும் வாக்ஸ்ஹோம் தொழிலாளியையும் லு பென்னோடு ஒரே வரிசையில் நிறுத்தும் எழுத்து, வாசகருக்கு ஐரோப்பாவைப் பற்றி எதையும் கற்றுத்தராது. ஒருங்கிணைப்பை உண்மையாக நேசிப்பவர்களுக்குத்தான் இது முதலில் புரிய வேண்டும். தன்னை ஐயுறும் குடிமகனுக்குக் காரணம் சொல்லி, தேவையானால் தன்னைத் திருத்திக்கொள்ளும் ஒன்றியம் நிலைக்கும். டென்மார்க் மக்களோடு பேசி, விலக்குத் தந்து, முப்பது ஆண்டு கழித்து அவர்களுடைய சம்மதத்தையே பெற்ற ஒன்றியம் அந்த வழி திறந்திருக்கிறது என்று காட்டியிருக்கிறது. ஏதென்ஸில் அந்த வழியில் போகாதது விதி செய்த வேலை அல்ல. அதிகாரத்தில் இருந்தவர்கள் எடுத்த முடிவு. அந்த முடிவை விமர்சித்தவர்களே ஐரோப்பாவின் குடியாட்சியை நம்பியவர்கள்.